மானியின்றி வளியை அளத்தல்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. ஆற்று நீரைப் போலவே காற்றும் அளவின்றிக் கிடைப்பதொரு பொருள். அதனை விலை கொடுத்து வாங்குவார் எவருமிலர். ஆயின், அக்காற்றை ஓர் உருக்குத் தாங்கியினுள்ளே அமுக்கி அடைத்தவுடன் அது விலையுடைய பண்டமாகிவிடுகின்றது. அதனை அமுக்குதற்கு மின்சத்தி செலவாகின்றது. அச்சத்திக்குரிய பட்டியல் மாதந்தோறும் வருகின்றது. எனினும், நெல்லையும் எண்ணெயையும் அளந்து கொள்ளும் நம்மவருட் பலர், தாம் விலை கொடுத்து உண்டாக்கிய இவ்வளியை அளந்து செலவிடுவதில்லை. அளத்தற்குரிய பாய்ச்சல்மானி விலையுயர்ந்த கருவியாதலாற் சிறு தொழிலகத்தார் அதனை வாங்குதல் அரிது என்பதே இதற்குக் காரணமாகக் கூறப்படும். அம்மானி இல்லாதவிடத்தும், ஓர் அமுக்கமானியும் ஒரு கடிகாரமும் பாடசாலைப் பௌதிகவியலும் கொண்டு வளியின் செலவைப் போதிய திருத்தத்துடன் மதிப்பிடலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வளியை அமுக்கிப் பயன்கொள்ளல் புதியதொன்றன்று. கொல்லன் உலைக்களத்துத் துருத்தி இதன் மிகப் பழைய வடிவம். பெருந்தொழிலில் இது புகுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டிலாகும். ஆல்ப்சு மலையைத் துளைத்துப் பிரான்சையும் இத்தாலியையும் இணைத்த மொன் செனீசுச் சுரங்கப்பாதையில், 1861 ஆம் ஆண்டு தொடக்கம் அமுக்கிய வளியால் இயங்கும் துளைப்பொறிகள் பயன்பட்டன. நீராவிப் பொறியின் புகை சுரங்கத்துள் மனிதரை மூச்சுத்திணறச் செய்யும். அமுக்கிய வளியோ வேலையைச் செய்து முடித்தபின் சுவாசித்தற்கும் உதவிற்று. 1870 ஆம் ஆண்டு டிசெம்பரில் இருபுறத்துத் தொழிலாளரும் மலையின் நடுவே சந்தித்தனர். 1871 இல் பாதை திறக்கப்பட்டது. இன்று தொழிற்சாலைகள் முதல் வீதியோரத்து ரயர்க் கடை ஈறாக எங்கும் இவ்வளி வழங்குகின்றது.

அறிந்திருக்கவேண்டிய இரு கருத்துக்கள்

முதலாவது, வெளிவளி என்பது. தாங்கியினுள் இருக்கும் ஒரு லீற்றர் வளியும் நம்மைச் சூழ்ந்திருக்கும் ஒரு லீற்றர் வளியும் ஒன்றல்ல. முன்னையது நெருங்கியது, பின்னையது ஐதானது. எனவே, செலவைக் கூறும்போது, அவ்வளி வளிமண்டல அமுக்கத்துக்கு விரிந்தால் எத்தனை லீற்றராகும் என்று கணித்தே கூறுதல் வழக்கம். அதனையே இங்கு வெளிவளி என்கின்றோம்.

இரண்டாவது, தனியமுக்கம் என்பது. அமுக்கமானியின் முள் பூச்சியத்தில் நிற்கும்போது தாங்கி வெறுமையாயிருக்கின்றது என மாணவர் பலர் மயங்குவர். அப்போதும் அதனுள் வளிமண்டல அமுக்கத்தில் வளி நிறைந்தேயிருக்கும். ஆகவே, மானி காட்டும் அளவுடன் வளிமண்டல அமுக்கத்தைக் கூட்டினாலே தனியமுக்கம் கிடைக்கும். கடல் மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் ஏறக்குறைய 1 பார், அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 14.5 இறாத்தல் ஆகும். மானி 7 பார் காட்டின் தனியமுக்கம் 8 பார் என்க.

இவற்றுடன் 1662 ஆம் ஆண்டில் றொபேட்டு போயில் வெளியிட்ட விதியைச் சேர்த்துக்கொள்வோம். வெப்பநிலை மாறாதிருப்பின், குறித்த திணிவுள்ள வாயுவின் அமுக்கத்தையும் கனவளவையும் பெருக்கிவரும் தொகை மாறிலியாகும் என்பது அவ்விதி. இனிவரும் முறைகளுட் பெரும்பாலன இதன் வழிவந்தனவேயாம்.

ஒரு வேலைத்தலத்து அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் கற்று, மோட்டார் வண்டிகளுக்குத் தீந்தை பூசும் சிறு வேலைத்தலமொன்றை நடத்திவந்த இளைஞரொருவர் என்னைக் காண வந்தார். அவரிடம் 200 லீற்றர்த் தாங்கியுடன் கூடிய வளியமுக்கி ஒன்று இருந்தது. வேலைத்தலங்களிற் கொம்பிறசர் என வழங்குவது இதுவே. அமுக்கம் 6 பாருக்கு இறங்கியதும் தானே இயங்கவும், 8 பாரை எட்டியதும் தானே நிற்கவும் அது அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் தீந்தை விசிறத் தொடங்கினால் அது ஓய்வதேயில்லை. சூடேறி இடையிடையே நின்றுவிடும். சூடான வளியுடன் செல்லும் நீராவி குளிர்ந்து, புதிதாகப் பூசிய தகட்டில் நீர்ப்புள்ளிகளாக விழும். பூசியதைச் சுரண்டி மீண்டும் பூசவேண்டியிருந்தது. விற்பனையாளர் ஒருவர், இயந்திரம் போதாது, இருமடங்கு பெரியதை வாங்குக என்று கூறியிருந்தார். மனைவியின் நகையை அடகு வைத்து அதனை வாங்கலாமா என்பதே அவர் என்னிடம் கேட்ட கேள்வி.

நான் பொறியியல் கற்றவனல்லேன். எனினும், அளவாமல் விடை கூறுதல் தகாது என்று எண்ணி, மறுநாள் ஒரு நிறுத்தற் கடிகாரத்துடன் அங்கு சென்றேன். இயந்திரத்தின் பெயர்த்தகட்டில் நிமிடத்துக்கு 400 லீற்றர் என்றிருந்தது. விசிறும் கருவிக்கோ அதில் அரைப்பங்கே வேண்டும் என அதனுடன் வந்த தாள் கூறிற்று. அவ்வாறாயின் எஞ்சிய வளி எங்கே போயிற்று?

முதலாம் முறை: தாங்கி நிரம்பும் நேரம்

முதலில் தாங்கியின் கனவளவை உறுதிசெய்தோம். சராசரி நீளம் 126 சென்ரிமீற்றர், குறுக்களவு 45 சென்ரிமீற்றர். உருளையின் கனவளவு 200 லீற்றர் என்பது சரியாயிற்று. ஆயின், அடியிலுள்ள வடிவாயைத் திறந்தபோது துரு கலந்த நீர் பல லீற்றர் வெளிவந்தது. நம் நாட்டு ஈரப்பதனான வளியை அமுக்கும்போது இவ்வாறு நீர் தேங்குதல் இயல்பு. 20 லீற்றர் நீர் தேங்கிநிற்பின் தாங்கியின் கொள்ளளவு பத்திலொன்று குறைந்துவிடும். கணக்கும் அவ்வளவு பிழைக்கும். ஆகவே, நீரை வடித்த பின்பே அளத்தல் வேண்டும்.

பின்னர்த் தாங்கியின் வெளிவாய் வால்வை மூடி, வளியமுக்கியை இயக்கி, முள் 6 பாரிலிருந்து 8 பாருக்கு ஏறும் நேரத்தைக் குறித்தோம். மும்முறை பார்த்ததிற் சராசரி 100 செக்கன்.

தொடக்கத்தில் தாங்கியில் இருந்த வெளிவளி, 200 லீற்றரை 7 என்னும் தனியமுக்கத்தாற் பெருக்கி, வளிமண்டல அமுக்கமாகிய 1 ஆற் பிரிக்க வருவது. அதாவது 1,400 லீற்றர். முடிவில் 200 × 9 = 1,800 லீற்றர். வேறுபாடு 400 லீற்றர். இவ்வேறுபாட்டைக் காணும்போது கூட்டிய வளிமண்டல அமுக்கம் இருபுறமும் கழிந்துபோவதைக் காண்க. ஆகவே விதி எளிதாகின்றது:

வெளிவளி = தாங்கியின் கனவளவு × அமுக்க வேறுபாடு ÷ வளிமண்டல அமுக்கம்.

100 செக்கனில் 400 லீற்றர் எனின், நிமிடத்துக்கு 240 லீற்றர். பெயர்த்தகடு கூறும் 400 எங்கே, இயந்திரம் உண்மையில் தரும் 240 எங்கே! இங்குப் பொய் ஒன்றுமில்லை. பெயர்த்தகட்டிற் பொறித்திருந்தது முசலம் உருளையினுள் அசைந்து விலக்கும் கனவளவு. ஒவ்வோர் அடிப்பின் முடிவிலும் உருளையின் தலைப்பிற் சிறிது வளி எஞ்சி நின்று, முசலம் திரும்பும்போது விரிந்து, புதிய வளிக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. உள்ளே வரும் வளி சூடான உலோகத்தைத் தொட்டு விரிகின்றது. வால்வுகளும் வளையங்களும் சிறிது கசிகின்றன. ஆதலின், முசலம் விலக்கும் கனவளவை வழங்கும் கனவளவாகக் கொள்ளுதல் பெருந்தவறு.

இரண்டாம் முறை: தாங்கி வடியும் நேரம்

வளியமுக்கியை நிறுத்திவிட்டு, தாங்கியிலுள்ள வளியை மட்டும் கொண்டு கருவியை இயக்கினால், அமுக்கம் இறங்கும் வேகம் செலவைக் காட்டும். மேற்கூறிய விதியே இதற்கும் பொருந்தும். விசிறும் கருவியைத் தொடர்ந்து இயக்கியபோது 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்க 96 செக்கன் சென்றது. 400 லீற்றர் 96 செக்கனிற் செலவாயிற்று. அதாவது நிமிடத்துக்கு 250 லீற்றர். வரவு 240, செலவு 250. இயந்திரம் ஓயாமைக்குக் காரணம் இப்போது தெளிவாயிற்று. அமுக்கம் 6 பாருக்குக் கீழே சென்று தங்கிவிடுமேயன்றி, நிற்கவேண்டிய 8 பாரை அது எட்டப்போவதில்லை.

இந்த அளவிலே நின்றிருப்பின் விற்பனையாளர் கூற்றே சரியென்று முடிந்திருக்கும். ஆயின் இன்னுமோர் அளவை எஞ்சியிருந்தது. மாலையில் வேலை முடிந்து கருவிகள் யாவும் ஓய்ந்தபின், வெளிவாய் வால்வைத் திறந்தபடியே விட்டு, வளியமுக்கியை நிறுத்திவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எவரும் வளியைப் பயன்படுத்தவில்லை. எனினும் முள் இறங்கிற்று. 8 பாரிலிருந்து 6 பாருக்கு வர 8 நிமிடம் சென்றது. 400 லீற்றரை 8 ஆற் பிரிக்க, நிமிடத்துக்கு 50 லீற்றர். இது கசிவு. 250 இலிருந்து இதனைக் கழிக்க, விசிறும் கருவியின் உண்மைச் செலவு 200 லீற்றரேயாம். தாள் கூறியது சரி; இயந்திரமும் போதியது; ஓட்டையே பகை.

மூன்றாம் முறை: ஓடும் நேரமும் ஓயும் நேரமும்

ஓர் அளவையை வேறொரு வழியாற் சரிபார்த்தல் விஞ்ஞானத்தில் நன்முறை. கருவிகள் யாவும் ஓய்ந்திருக்க, வளியமுக்கியைத் தானே இயங்க விட்டோம். அது 126 செக்கன் ஓடிற்று. 480 செக்கன் ஓய்ந்தது. மொத்தம் 606 செக்கன். இயந்திரம் ஓடும்போது நிமிடத்துக்கு 240 லீற்றர் தருமாதலின், சராசரிச் செலவு:

240 × 126 ÷ 606 = ஏறக்குறைய 50 லீற்றர்.

இரு வழியும் ஒரே விடை தந்தன. இம்முறையின் சிறப்பு, தாங்கியின் கனவளவு தெரியாவிடினும், இயந்திரம் உண்மையில் வழங்கும் அளவு தெரிந்தாற் போதும் என்பதாகும். நாள் முழுவதும் வேலை நடக்கும்போதே இதனைச் செய்யலாம். சத்திமானியின் வாசிப்பைக் கொண்டும் ஓடிய நேரத்தைக் கணிக்கலாம். ஆயின், நிற்றலும் ஓடலுமாக இயங்கும் இயந்திரத்துக்கே இது நேராகப் பொருந்தும். மோட்டாரின் வேகத்தை மாற்றிச் செலவுக்கேற்ப இயங்கும் புதுவகை இயந்திரங்களுக்கு இவ்வெளிய பின்னம் உதவாது.

நான்காம் முறை: துவாரத்தின் அளவு

50 லீற்றர் கசிய எவ்வளவு பெரிய துவாரம் வேண்டும்? உயரமுக்கத்திலிருந்து வளிமண்டலத்துக்கு வளி பாயும்போது, துவாரத்தின் ஒடுங்கிய இடத்தில் அதன் வேகம் அவ்விடத்து ஒலியின் வேகத்தை எட்டி அதற்குமேல் ஏறாது நின்றுவிடும். வெளியிலுள்ள தனியமுக்கம் உள்ளேயுள்ளதன் 0.53 பங்குக்குக் குறைவாக உள்ளபோதெல்லாம் இது நிகழும். இத்தகைய பாய்ச்சலை சான் வெனான், வான்செல் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1839 இல் ஆராய்ந்து வெளியிட்டனர். இதனால் விளையும் எளிய விதி யாதெனின், சாதாரண வெப்பநிலையில், ஒரு சதுர மில்லிமீற்றர்த் துவாரத்தினூடாக, தனியமுக்கம் ஒவ்வொரு பாருக்கும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 12 லீற்றர் வெளிவளி செல்லும். விளிம்பு செம்மையற்ற துவாரமாயின் இதில் மூன்றில் இரு பங்கு எனக் கொள்ளலாம்.

ஒரு மில்லிமீற்றர்க் குறுக்களவுள்ள துவாரத்தின் பரப்பு 0.785 சதுர மில்லிமீற்றர். மானியமுக்கம் 7 பார், தனியமுக்கம் 8 பார் எனின், 12 × 0.785 × 8 = 75 லீற்றர்; அதில் மூன்றில் இரு பங்கு 50 லீற்றர். குண்டூசி நுழையும் ஒரு துவாரமே அவ்வேலைத்தலத்தின் வளியில் ஐந்திலொரு பங்கை உண்டுவந்தது! குறுக்களவு மும்மடங்காயின் கசிவு ஒன்பது மடங்காகும். 3 மில்லிமீற்றர்த் துவாரமொன்றுக்கு 450 லீற்றர் வேண்டும். அதனை நிரப்ப அவ்வியந்திரம் ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

ஐந்தாம் முறை: உருளையின் கனவளவு

முசலத்தைத் தள்ளி வேலை செய்யும் கருவிகளுக்கு அளவுநாடாவே போதும். குறுக்களவு 50 மில்லிமீற்றரும் அடிப்பு 200 மில்லிமீற்றரும் உள்ள உருளையின் கனவளவு ஏறக்குறைய 0.39 லீற்றர். மானியமுக்கம் 6 பாராயின், தனியமுக்கமாகிய 7 ஆற் பெருக்க, ஓர் அடிப்புக்கு 2.75 லீற்றர் வெளிவளி. போதலும் மீளலும் வளியாலேயே நடப்பின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5.5 லீற்றர், தண்டு பிடிக்கும் இடத்தைக் கழிக்கின் சிறிது குறையும். நிமிடத்துக்குப் பத்துச் சுற்றெனின் 55 லீற்றர். இங்கு வேறுபாடு காண்பதன்று, முழு நிரப்பு. ஆதலால் வளிமண்டல அமுக்கத்தைக் கூட்ட மறத்தல் கூடாது.

ஆறாம் முறை: நீரை விலக்கல்

சிறு பாய்ச்சல்களை ஆய்வுகூடத்தில் அளத்தற்கு, வாயுக்களைச் சேகரிக்கும் பழைய முறையே சிறந்தது. நீர் நிரம்பிய போத்தலொன்றை நீர்த்தொட்டியிற் கவிழ்த்து, வளிக்குழாயின் நுனியை அதன் வாயினுள் விட்டு, போத்தலின் நீர் முழுதும் வெளியேறும் நேரத்தைக் குறிக்க வேண்டும். 2 லீற்றர்ப் போத்தல் 30 செக்கனில் வெறுமையாயின் பாய்ச்சல் நிமிடத்துக்கு 4 லீற்றர். மீன்தொட்டிக்கு வளி செலுத்தும் சிறு பம்பியைக் கொண்டு மாணவர் இதனைச் செய்து பார்க்கலாம்.

பிழைகள் வருமாறு

நிற்க, இம்முறைகளிற் பிழை புகும் வழிகளையும் கூறுதல் முறையாகும். அவற்றுள் மிகப் பெரியது வெப்பநிலை. போயிலின் விதி வெப்பநிலை மாறாமையை வேண்டுகின்றது. வளியை அமுக்கும்போதோ அது சூடேறுகின்றது. தொடக்கத்தில் 27 பாகை செல்சியசில் இருந்த தாங்கி வளி, முடிவில் 37 பாகையில் இருப்பதாகக் கொள்வோம். 9 பார் என்னும் இறுதித் தனியமுக்கம், வளி பழைய வெப்பநிலைக்குக் குளிர்ந்தால், 9 × 300 ÷ 310 = 8.71 பாராகும். உண்மையான ஏற்றம் 2 அன்று, 1.71 மட்டுமே; 400 லீற்றர் என்று கணித்தது உண்மையில் 342 லீற்றர். பத்துப் பாகை வேறுபாடு இவ்வளவு பிழையை விளைத்தல் வியப்பாகத் தோன்றும். முழு அமுக்கத்தில் அது மூன்று வீதப் பிழையே. ஆயின் நாம் இரு பெரிய எண்களின் சிறிய வேறுபாட்டைக் கொண்டு கணிப்பதால் அது பெருகிவிடுகின்றது. ஆகவே, இயந்திரம் பலமுறை ஓடி ஓய்ந்து தாங்கியின் சூடு நிலைபெற்ற பின்பே அளத்தல் நன்று. நாங்கள் தாங்கியின் மேல் வெப்பமானியொன்றைக் கட்டி, இரு வாசிப்பின்போதும் அது பெரிதும் மாறாமையைக் கண்ட பின்னரே கணித்தோம்.

அடுத்தது, இடத்தின் உயரம். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் ஏறக்குறைய 0.81 பார். அங்கு அதே தாங்கியை 6 பாரிலிருந்து 8 பாருக்கு ஏற்ற, 400 ÷ 0.81, அதாவது ஏறக்குறைய 494 லீற்றர் அவ்விடத்து வளி வேண்டும். கடற்கரையில் 100 செக்கனில் நிரப்பிய இயந்திரத்துக்கு அங்கு 123 செக்கனுக்குக் குறையாது செல்லும். இது இயந்திரத்தின் பழுதன்று. வளியின் ஐதாம் தன்மை.

மூன்றாவது, கசிவு ஒரே சீராக நிகழாமை. துவாரத்தினூடே செல்லும் வளி தனியமுக்கத்துக்கு நேர்விகிதசமமாதலின், 8 பாரிற் கசிவதற்கும் 6 பாரிற் கசிவதற்கும் உள்ள விகிதம் 9 : 7 ஆகும். நாம் காண்பது இவற்றின் சராசரி. அமுக்கமானியின் முள் எப்போதும் ஒரேயளவு கூடவோ குறையவோ காட்டுமாயின் அப்பிழை வேறுபாட்டிற் கழிந்துபோகும். ஆயின் உருளை முறையிலும் துவார முறையிலும் அது கழியாது. இவையாவும் கருதின், கவனமாகச் செய்த அளவையிலும் பத்து வீதம் வரை வழுவலாம் எனக் கொள்ளுதல் தகும். பெரிய இயந்திரம் வேண்டுமா வேண்டாவா என்று துணிதற்கு அத்திருத்தம் போதியது.

அளவையின் பயன்

மறுநாள் அவ்விளைஞர் சவர்க்கார நீரும் தூரிகையும் கொண்டு குழாய்வழியெங்கும் பூசிப் பார்த்தார். குமிழி எழுந்த இடங்கள் ஐந்து. இரண்டிடத்து இணைப்பு மரைகளுக்கு நாடா சுற்றினார். வெடித்த இறப்பர்க் குழாயின் நுனியை வெட்டி மீண்டும் பொருத்தினார். தேய்ந்த வாசர் இரண்டை மாற்றினார். செலவு சில நூறு ரூபாவே. பின்னர் அளந்தபோது 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்க 50 நிமிடம் சென்றது. கசிவு 50 லீற்றரிலிருந்து 8 லீற்றராயிற்று. இப்போது விசிறும்போது செலவு 208, வரவு 240. கை ஓயும் இடைவேளைகளில் இயந்திரமும் ஓய்ந்தது. சூடும் நீர்ப்புள்ளியும் குறைந்தன. நகை வீட்டிலேயே இருந்தது.

அக்கசிவு உண்டுவந்த மின்சத்தியையும் கணிக்கலாம். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் குழாய்களில் வளி நின்றால் 30,000 லீற்றர் கசியும். அதனை நிரப்ப இயந்திரம் 125 நிமிடம் ஓடவேண்டும். மோட்டார் 2.2 கிலோவாற்று இழுப்பின் அது நாளுக்கு ஏறக்குறைய 4.6 அலகு, 300 வேலை நாட்களுக்கு 1,375 அலகு. ஒருவருக்கும் பயன்படாத காற்றுக்குக் கொடுத்த விலை இதுவாகும்.

ஒன்று மட்டும் அவருக்குச் சொல்லி வைத்தேன். இரண்டாவது விசிறும் கருவியையும் சேர்த்து இயக்க விரும்பின் செலவு 400 லீற்றரைத் தாண்டும். அப்போது பெரிய இயந்திரம் வேண்டியதே. அளவை விற்பனையாளருக்கு எதிரியன்று. வாங்குபவருக்கு எப்போது வாங்கலாம், எப்போது வாங்கவேண்டா என்று காட்டும் துணை.

போயிலின் விதியைப் பரீட்சைக்கென மனனஞ் செய்து, பரீட்சை முடிந்தவுடன் மறந்துவிடும் மாணவர் பலர். அவ்விளைஞரும் ஒருகால் அவ்விதியை என் வகுப்பிலேதான் எழுதிப் படித்தார். தம் தாங்கியின் முன்னே நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை. கற்பித்த எனக்கும் அன்றுவரை அவ்விதியைக் கரும்பலகைக்கு வெளியே எடுத்துச் செல்லும் எண்ணம் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அன்று தொடக்கம், இவ்விதியைக் கற்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும், ரயர்ப் பம்பியொன்றையும் கடிகாரமொன்றையும் வகுப்பறைக்குக் கொண்டு செல்கின்றேன்.